செத்தவர்கள் மேல் வந்த பொறாமை

மலேசியாவின் தைப்பிங்கில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்வீரர் இடுகாட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. துக்கம் என்று சொன்னால் பொய். மரியாதை என்று சொன்னால் பாதி உண்மை. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அது பொறாமை. எண்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போன, முகம் தெரியாத பட்டாளத்துக்காரர்கள் மேல் பொறாமை. உயிரோடு இருப்பவன் வீட்டைப் பார்த்து, காரைப் பார்த்துப் பொறாமைப்படுவான். இடுகாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

காரணம் இல்லாமல் இல்லை. நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். எங்கள் தோட்டத்துச் சுடுகாடு இப்போது செம்பனைக்கு அடியில் இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் அது தனி நிலமாகத்தான் கிடந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பின்னால், ஆற்றோரம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது கன்றுகள் வரிசை பிசகாமல் அந்த நிலத்துக்குள்ளும் இறங்கின. தாத்தாவைப் புதைத்த இடத்துக்கு அப்பா வைத்திருந்த அடையாளம், கல்வெர்ட்டிலிருந்து மூன்றாவது மரம். செம்பனைக்கு ஆயுள் ஏறக்குறைய 25 வருடம். மறுநடவு வந்தது, மூன்றாவது மரமும் போனது. இப்போது தை அமாவாசைக்குக் கல்வெர்ட்டின் மேலேயே சூடத்தை ஏற்றிவிட்டு வருகிறோம். பக்கத்தில் உர மூட்டைகள் அடுக்கியிருக்கும்.

இந்த லட்சணத்தில் இருக்கிறவனைத் தைப்பிங் இடுகாட்டுக்குள் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? புக்கிட் லாருட் அடிவாரம், பின்னால் மலை, மேலே மழை மேகம். கால் வைக்கக் கூசும் அளவுக்கு ஒட்ட வெட்டிய புல். ஒரே உயரத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். 800-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 500-க்கும் மேற்பட்டவர்களின் அடையாளம் தெரியாது. ஜித்ராவிலும் கம்பாரிலும் ஸ்லிம் ரிவரிலும் 1941 டிசம்பரிலும் 1942 ஜனவரியிலும் ஜப்பான் படையோடு நடந்த சண்டைகளை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செத்த இடத்திலேயே அவசரமாகப் புதைக்கப்பட்டவர்களைப் போர் முடிந்தபிறகு தேடித் தோண்டி எடுத்து, பராமரிக்க வசதியான ஓரிடம் வேண்டும் என்று இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பராமரிக்க வசதியாக! அந்த ஒரு காரணத்துக்காகப் பிணத்தை ஊர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் உயிரோடு இருந்தவர்களை லயத்திலிருந்து காலி செய்யச் சொன்னபோதுகூட இவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

இடுகாட்டின் நடுவே ஒரு சாலை போகிறது. ஒருபுறம் கிறிஸ்தவர்கள், மறுபுறம் இந்தியப் பட்டாளத்தின் இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள், கூர்க்காக்கள். 'செத்த பிறகும் ரோடு போட்டுப் பிரிச்சிட்டாங்க பாருங்க' என்றாள் என் மனைவி. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் புல் ஒரே உயரம், கல் ஒரே அளவு. இந்த இடுகாடுகளைப் பார்த்துக்கொள்ளும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வைத்திருக்கும் கொள்கை அது: பதவி, இனம், மதம் எதைப் பார்த்தும் கல்லில் வேற்றுமை கூடாது. தளபதிக்கும் அதே கல், சிப்பாய்க்கும் அதே கல். இந்து வீரரின் கல்லில் தேவநாகரி எழுத்தில் 'ஓம் பகவதே நமஹ' என்று பொறித்திருக்கிறார்கள். பெயர் தெரியாதவருக்கும் கல் உண்டு; இந்திய ராணுவ வீரர் ஒருவர் இங்கே போற்றப்படுகிறார் என்று அதில் இருக்கும். இப்படி ஓர் இடம் எங்கள் ஆட்களுக்குக் கிடைக்குமென்றால் நடுவில் நெடுஞ்சாலையே போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஊருக்குத் திரும்பி இதை டீக்கடையில் சொன்னபோது நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "வெள்ளைக்காரன் சண்டைக்குச் சம்பளத்துக்குப் போனவனுங்க. அவன் முதலாளி அவனுக்குக் கல்லு வச்சான். நமக்கு என்ன வந்துச்சு?" என்றார். நமக்கும் ஒரு முதலாளி இருந்தானே, நம் ஆட்களும் சம்பளத்துக்குத்தானே வேலை செய்தார்கள் என்றேன். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பட்டாளத்துக்காரனுக்கு இருந்ததும் தோட்டத்துக்காரனுக்கு இல்லாததும் என்ன?

பிரஷ் பிடித்த கை

அதற்குப் பதில் டீக்கடையில் இல்லை. தைப்பிங்கிலேயே, இந்தியப் பகுதியில், வாளியும் பிரஷுமாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம்தான் இருந்தது. எழுபதை ஒட்டிய வயது. காதோரம் வைத்திருந்த பீடியைப் பற்றவைக்கவே இல்லை. இடுகாட்டுக்குள் பற்றவைக்கக் கூடாதாம். யாருக்காவது பதிலாக அவ்வப்போது வேலைக்கு வருவாராம், அன்றைக்கும் வந்திருந்தார். தைப்பிங் மழைக்குக் கல்லில் பாசி சீக்கிரம் ஏறிவிடும். அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுகிறார்; ஊறட்டும் என்று கொஞ்சம் காத்திருக்கிறார்; பிறகு மெல்லிய பிரஷால் இடமிருந்து வலமாக, எழுத்தின் பள்ளத்துக்குள் நுனி போகும்படி தேய்க்கிறார். பச்சையாக வழிந்து இறங்கியதும் ஒவ்வோர் எழுத்தாகத் தெளிந்து வருகிறது. அழுத்தித் தேய்த்தால் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும் என்றார். "மரம் வெட்டுறப்ப பட்டைக்குள்ள உளி எறங்கினா காயமாயிடும்ல தம்பி, அதே கைப்பக்குவம்தான்." கோலாகங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வெளியே வந்தவர்.

பேச்சுவாக்கில், அவர் தேய்த்துக்கொண்டிருந்த கல்லில் இருந்த பெயரைக் கைப்பேசியில் தட்டினேன். ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பெயர், பட்டாள எண், எந்தப் படைப்பிரிவு, இறந்த நாள். அதற்குக் கீழே இன்னாரின் மகன், இன்ன கிராமம், இன்ன மாவட்டம். பஞ்சாபில் எங்கோ ஒரு கிராமம். அதை வாய்விட்டுப் படித்தேன். அவர் பிரஷை வாளிக்குள் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "அப்பா பேருகூடவா இருக்கு?" கல்லில் அது கிடையாது. இத்தனை காலம் தேய்த்த கல்லுக்கு ஓர் அப்பா உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் கல்லைக் காட்டி இதைப் பாருங்கள் என்றார். அதற்கும் அப்பா பெயர் வந்தது, அம்மா பெயரும் வந்தது. மூலையில் இருந்த கல்லுக்குக் கூட்டிப்போனார். அவருக்குப் பிடித்த கல்லாம், ஏனென்று சொல்லவில்லை. அதற்கு எண்ணும் படைப்பிரிவும் மட்டும்தான் வந்தன. கொஞ்சம் ஏமாந்துபோனார்.

அப்புறம் கேட்டார்: "எங்க தாய்மாமா பேரு இருக்குமா, பாருங்க தம்பி. சயாமுக்குப் போனவரு."

போர்க்காலத்தில் ஜப்பான்காரன் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோன சயாம். கேட்டதோடு நிற்கவில்லை. பெயர், அவருடைய அப்பா பெயர், முசிறிப் பக்கத்தில் ஊர், தாலுகா, ஜில்லா, எந்தத் தோட்டம், எந்த லயம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி கேட்டால் சொல்வதுபோல. நான் கைப்பேசியில் தட்டவில்லை. தட்டி என்ன ஆகப்போகிறது? "இது பட்டாளத்துக்காரங்களுக்கு மட்டும், அண்ணே" என்றேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வாளியிடம் திரும்பிப் போனார்.

அவர் விட்டுவிட்டார். என்னால்தான் முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதும், என் கைப்பேசித் திரையில் இருந்ததும் ஒரே வடிவம். பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம், வேலை பார்த்த இடம். ஒன்று ஆவணமாக இருக்கிறது, இன்னொன்று ஒரு கிழவரின் வாயில் இருக்கிறது. அதுதான் வித்தியாசம். நம்மவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அது உண்மையே இல்லை. தோட்டத் தமிழனைப்போல் எழுதி வைக்கப்பட்டவன் யார்? கப்பல் ஏறும்போது எழுதினார்கள். பினாங்கு பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனிமைப்படுத்தி வைத்தபோது எண்ணினார்கள். தோட்டத்துக்கு வந்ததும் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஏற்றினார்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், அரிசிக்கு எவ்வளவு பிடித்தம், எல்லாம் தினம் தினம். சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தவரை அவன் பெயர் இருந்தது. ஆள் இல்லையென்றானதும் பேரை வெட்டிவிட்டார்கள். கணக்கு அத்தோடு முடிந்தது.

அந்த 52 பேர்

சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்த மரண ரயில் கதையை நான் இங்கே முழுதாகச் சொல்லப்போவதில்லை. எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் பாதை, நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனது, பிறகு சொல்லாமலே லாரியில் ஏற்றிப்போனது, மழைக்காலத்துக் காலரா. என் அப்பாயியின் அண்ணனும் அதில் ஒருவர். இவை தெரிந்த கதைகள். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று, இந்தப் பொறாமையால் தேடிப் படித்தபோது கண்ணில் பட்டது.

ஜப்பான் சரணடைந்து சில வாரங்களுக்குள், 1945 செப்டம்பரில், அந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்டு விடுதலையான நேச நாட்டுப் போர்க்கைதிகளில் சிலரும் பாதிரியார்களும் சேர்ந்த ஒரு சிறு குழு, வீட்டுக்குக் கப்பல் ஏறாமல், அதே ரயில் பாதையில் திரும்பிப் போயிருக்கிறது. தோழர்களின் கல்லறைகளைத் தேடத்தான். முகாம் நடந்த காலத்திலேயே கைதிகள் இடுகாட்டு வரைபடங்களையும் பெயர்ப் பட்டியல்களையும் ரகசியமாக எழுதி, புட்டியிலும் டப்பாவிலும் அடைத்துக் கல்லறைக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்தே செய்தார்கள். அந்தக் குழு 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52.

இந்த 52-தான் என்னைத் தூங்கவிடாமல் செய்த எண். அதே பாதையில், அதே காட்டில், அதே காலராவில் செத்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை ஏறக்குறைய 90,000 என்கிறார்கள். அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பகுதி மலாயாத் தமிழர்களும் பர்மியர்களும். ஒருபக்கம் எத்தனை பேரைக் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கே துல்லியக் கணக்கு. மறுபக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்பதே தோராயம். கைதிகளிடம் ராணுவ ஒழுங்கு இருந்தது, படித்த அதிகாரிகள் இருந்தார்கள், தேடி வர ஓர் அரசாங்கம் இருந்தது. நம்மவர்களிடம் கங்காணிதான் இருந்தார், அவரும் செத்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காலரா முகாமில் பெற்ற பிள்ளையைப் புதைக்கவே தெம்பில்லாதவர்களிடம் பட்டியல் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் போர் முடிந்து தோட்டங்கள் திரும்பத் திறந்தபோது செக்ரோலும் திரும்பத் திறக்கப்பட்டதே. அன்றைக்குப் பெரட்டில் நிற்காதவர்கள் யார் யார் என்று ஒரு பக்கம் எழுதிவைக்க ஒரு காலைப்பொழுது போதாதா?

உடல் கிடைக்கவில்லை, அதனால் நினைவிடம் இல்லை என்றொரு சமாதானம் சொல்வார்கள். அது செல்லாது. சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எல்லாரும் கல்லறை தெரியாதவர்கள். உடல் இல்லாவிட்டால் பெயர் போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்காக அந்த ஆணையத்தைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும் நான் தயாரில்லை. 2021-இல் அவர்களே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். முதல் உலகப் போரில் உயிர்விட்டவர்களில் குறைந்தது 116,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று. ஆப்பிரிக்கப் படைகளுக்கு மூட்டை சுமந்தவர்களை நினைத்துக்கொண்டேன். நூறு வருடம் கழித்து வந்த மன்னிப்பு. வந்ததே என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கும் ஊர், அது வேறு விஷயம். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 12 வருடம் நடந்தது. மூவரும் பத்து காஜாவில் அடக்கமாகியிருக்கிறார்கள், ஆண்டுதோறும் ஜூனில் அங்கே மரியாதை செலுத்துகிறார்கள். செலுத்தட்டும். மூன்று துரைமார்களின் பெயரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே ஊர்ச் சாலைகளில் லாரி ஏறியவர்களில் மூன்று பேர் பெயரைக் கேளுங்கள் பார்ப்போம்.

நோட்டுப் புத்தகம்

சில வருடங்களுக்கு முன் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென ஒரு நடுகல் எழுப்பினார்கள். நல்ல காரியம். நம் ஊரிலும் ஒரு தூண் வைக்கலாம், ஒய்.பி.யை, அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதியைக் கூப்பிட்டுத் திறக்கலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. தூண் வைக்கும் நாளன்று கூட்டம் வரும். அடுத்த வருடம் அதன் மேல் பாசி வரும். பாசி தேய்க்க ஆள் யார், அவருக்குச் சம்பளம் யார் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு தூணைப் பேசலாம் என்று கோயில் கூட்டத்தில் சொல்லி நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டேன். தூணுக்கு முன்னால் பட்டியல் வேண்டும் என்றும் சொன்னேன். சரி, நீயே எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

திருவிழா சமயத்தில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். நீளமான கணக்கு நோட்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, தோட்டம், யார் சொன்னது என்று கட்டம் போட்டது. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மோர் குடிக்க வந்தவர்கள் நின்றார்கள். ஒரு பெரியம்மா தன் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். ஊர்ப் பெயரில் றகரம் போட வேண்டிய இடத்தில் ரகரம் போட்டிருக்கிறேன் என்று திருத்தினார். ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பழைய தகரப் பெட்டியிலிருந்து அடையாளச் சீட்டு எடுத்து வந்தார். சிலருக்குப் பட்டப்பெயர்தான் தெரிந்தது. 'நெட்டையன்' என்றும் 'கிளாரினெட்டு' என்றும் எழுதியிருக்கிறேன். திரும்பி வந்தவர்களையும் எழுதலாமா என்று கேட்டார்கள். எழுதுங்கள் என்றேன், போன எல்லாரையும் எழுதுவோம், வந்தார்களா என்பது தனிக் கட்டம்.

சிக்கல் அங்கே வரவில்லை. கங்காணியின் பேரன் வந்தபோது வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி அவர். ஜப்பான்காரன் இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டபோது, யாரை அனுப்புவது என்று பெயர் சொன்னவர். கட்டையாக நின்ற ஆட்கள், எதிர்த்துப் பேசியவர்கள், பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர்கள், இவர்களை முதலில் சொன்னார் என்பார்கள். கடைசி லாரியில், ஆள் குறைகிறது என்று அவரையும் ஏற்றிவிட்டார்கள். அவரும் திரும்பவில்லை. பேரன் என் வயதுக்காரர், நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "எங்க தாத்தாவும் அங்கதான செத்தாரு, அண்ணே?" றகரம் திருத்திய பெரியம்மா இன்னும் போகவில்லை, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னவரே அந்தக் கங்காணிதான். "அவரு பேரு அதுல ஏறுச்சுன்னா எங்கப்பா பேர எடுத்துடு, ஐயா" என்றார்.

தைப்பிங் கற்களில் தளபதியும் சிப்பாயும் ஒரே அளவு என்று வியந்தவன் நான். அங்கே சிப்பாயைச் சாவுக்கு அனுப்பியவரும் அதே புல்லில் படுத்திருக்கலாம். ஆனால் அங்கே அந்தச் சிப்பாயின் மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. பேரன் சொன்ன விவரத்தை ஒரு தனித் தாளில் எழுதி நோட்டுக்குள் செருகி வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, எடுக்கவும் இல்லை. கோயில் செயலாளரிடம் யோசனை கேட்டேன். அகரவரிசையில் போட்டுவிடு, யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது என்றார். போட்டுப் பார்த்தேன், இரண்டு பெயரும் அடுத்தடுத்து வந்தன. அப்படியென்றால் ஊர்வாரியாகப் பிரித்துவிடு என்றார். அதுவும் நடக்காது. இருவருக்கும் ஒரே ஊர். கங்காணி தன் ஊரிலிருந்துதானே ஆள் கூட்டிக்கொண்டு வந்தார்.